பேரேடு

வாழப்பாடி ரோட்டில் மின்னாம்பள்ளி தாண்டி
எங்கள் சேகோ மில்.
சனிக்கிழமை கூலி நாள்.
பேரேட்டில் நான் எழுதி வந்தது இப்படி:
ஹிந்தி ஒன்று, ஹிந்தி இரண்டு,
ஹிந்தி பதினான்கு வரைக்கும்.
பேர் கேட்டதுண்டு, முதல் வாரம்.
வாயில் நிற்கவில்லை. கட்டத்திலும் அடங்கவில்லை.
முதலாளி சொன்னார்,
'கணக்கு டேலி ஆனாப் போதும்மா.'

ஆகிக்கொண்டுதான் இருந்தது.

குச்சிக்கிழங்கு லாரியிலிருந்து இறங்கும்போது
மண் நிறம். என் நிறம்.
கடல் தாண்டி வந்த கிழங்கு அது,
அதை யாரும் எந்த ஊர் என்று கேட்டதில்லை.
உரித்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து
சேர்வராயன் மலை பார்க்கக் களத்தில் காயப்போட்டால்
கண் கூசும் வெள்ளை.
அதையும் வெயிலில் பிடித்துப் பார்த்து
'வெள்ளை பத்தலையே' என்பார் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி.
என்னையும் அப்படி ஒருத்தி பார்த்திருக்கிறாள்,
ட்யூப்லைட்டைப் போடச் சொல்லி.
'பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி'
என்றாள், பஜ்ஜித் தட்டு காலியான பிறகு.

இதெல்லாம் பட்டவள்தான் நான்.
பட்டவள் எப்படிச் செய்தேன்?

அது ஒரு வீடியோ.
பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருக்கிறார்கள்,
வடக்கத்தி ஆட்கள், போர்வைக்குள் மயக்க மருந்து.
எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் இல்லை.
அக்கா மகள் நான்காவது படிக்கிறாள்.
கட்டைவிரல் ஒருமுறை அழுந்தியது.
மூன்று குரூப்புக்குப் போனது.
அப்புறம் சோறு வடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில்
அழுத குழந்தைக்கு பிஸ்கட் நீட்டியிருக்கிறான்
ஹிந்தி ஒன்பது.

பெரியாஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள்,
பேரேட்டை வைத்திருப்பவள் என்று.
சீட்டெழுதும் நர்ஸ் கேட்டாள், 'பேரு?'
என்னிடம் இருந்தது ஒரு எண்.
'ஜோகன் திர்க்கி' என்றான் அவனே,
கிழிந்த உதட்டால்.
வலி அவனை வீட்டுப் பேச்சுக்குள் இழுத்துவிட்டது.
வாயைத் தொட்டு 'பல்' என்றான்.
வீங்கியதைத் தொட்டு,
தொண்டையில் கொஞ்சம் கரகரத்த ஒரு 'கண்'.
நர்ஸின் பேனா நின்றது.

கூட வந்த அவன் தம்பி சொன்னான்:
'எங்க பாஷை குடுக்கு, மேடம்.
ஹிந்தி ஸ்கூல்ல அடி வாங்கிக் கத்துக்கிட்டது.'
நீ என்பதற்கு அவர்களிடம் நீன்.
நான் என்பதற்கு ஏன்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை.
மில்லில் அப்படித்தான் சிலிர்த்தார்கள்,
'அட, நம்ம பயலா!'
ஜோகனுக்கு ஒரு வாரம் டீ இலவசம்.
ஹிந்தி நான்குக்கு இல்லை.
அவன் சம்பாரண் பக்கத்து ஆள்.
வலியை 'தரத்' என்கிறான்.
எங்கள் சொல்லோடு ஓர் எழுத்தும் ஒட்டவில்லை.
ஒட்டாத சொல்காரன் மேல்
செங்கல் மெதுவாகவா விழும்?
பல்லைப் பல் என்று சொன்னால்தான்
பல் உடையக்கூடாதா?

பேரேட்டை மறுபடி எழுதினேன்.
பதினான்கு பேரிடமும் கேட்டு.
இரண்டை அவர்களே திருத்தினார்கள், சிரித்தார்கள்,
நான் 'லக்ரா'வை லாக்கர் ஆக்கியிருந்தேன்.
கட்டம் இன்னும் பத்தவில்லை.
பேர்கள் கோட்டைத் தாண்டி
பிடித்தம் என்ற கட்டத்துக்குள் கால் நீட்டியிருக்கின்றன.
இருக்கட்டும்.

வீடியோவை அழித்தேன், என் போனில் மட்டும்.
எல்லோருக்கும் அழிக்கும் நேரம் கடந்துவிட்டது.

இன்று சனிக்கிழமை.
வரிசையில் ஒன்பதாவதாக வருகிறான்,
பஞ்சு வைத்த கண்ணோடு.
பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.
கையெழுத்து வாங்கலாம்.
யார் அனுப்பியது என்று அவன் கேட்கவே இல்லை.
கேட்டால் அவன் பாஷையில் ஒரே சொல்,
எனக்கு நன்றாக வாயில் நிற்கிற சொல்:

ஏன்.