ஆத்துவாய்

கவாகுச்சி,
கவாகுச்சி கம்பெனி,
கவாகுச்சி நகரம், ஜப்பான்.

டைப் அடித்தவள் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பாள் என்று
இரண்டை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.
பதினெட்டுக் கிலோ பம்ப் கேசிங், சாம்பிள்,
கணபதியில் கிளம்பி
முப்பத்தெட்டு நாள் கடலில் அலைந்து
கணபதிக்கே வந்து சேர்ந்தது
நெற்றியில் ஒரு ரப்பர் ஸ்டாம்போடு.

"பேரையே அடிச்சுட்டியேம்மா" என்றார் மேனேஜர்.
மூணும் ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு, சார்.
"மூணும் வேறம்மா."

ஆடிக்காற்று ரோட்டு மண்ணை வாரி
ஆபீஸ் பைல்மேல் கொட்டிய வாரத்தில்
அவரே வந்தார். ஒடிசலான ஆள்.
பவுண்டரியில் ஒரே நாளில் குச்சி சார் ஆகிவிட்டார்.
காரணம் கேட்டார், சொன்னோம்.
சிரித்தார். பிறகு மோல்டிங் தரையில் குத்தவைத்து
கருமண்ணில் விரலால் எழுதினார்:
மூன்று கோடு. பக்கத்தில் ஒரு பெட்டி.
கோடு ஆறு. பெட்டி வாய்.
எங்கள் குச்சி அங்கே வாய்.

சின்னராசண்ணன் எட்டிப் பார்த்தார்.
"வாயா? இது மோல்டுப் பொட்டிங்க.
கோடு மூணும் ஊத்தறப்ப எறங்கற கொழம்பு."
மொழிபெயர்க்க வந்த பெண் அதைச் சொல்லி முடிப்பதற்குள்
அவர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.
அந்த ஊரும் வார்ப்படத்துக்குப் பேர்போன ஊராம்.
உலை இருந்த இடத்தில் இப்போது
முப்பது மாடி.

ஆனால் அவர் அந்த ஊர்க்காரர் இல்லை.
எல்லாரும் குடும்பப்பேர் எழுதணும் என்று
சர்க்கார் சொன்ன காலத்தில்
தாத்தாவுக்குத் தாத்தா ஒருவர்
வீட்டுக்கு முன்னால் என்ன ஓடுகிறது என்று பார்த்தாராம்.
வயலுக்குப் போகிற ஓடை.
கடலைக் கண்ணால் பார்க்காமலே செத்தாராம்.
இவருக்கு அந்த நகரத்தில் வேலை கிடைத்தது தற்செயல்.
பேர் அட்டையைப் பார்த்தவர்கள்
உள்ளூர்க்காரர் என்று வழி கேட்கிறார்கள்,
இவர் தப்பாகக் காட்டிவிடுகிறார்.
மலையடியில் ஒரு ஏரிக்கும் அதே ஓசை.
"அது வேற ஆறு. எழுதறதும் வேற மாதிரி" என்றார்,
ஏரிக்காகத் தன்னை யாரும் பாராட்டிவிடக் கூடாது என்பதுபோல.

உங்கள் ஆற்றுக்கு வாய் எங்கே?
யாருக்கும் சட்டென்று வரவில்லை.
கிரேன் ஓட்டுகிற நொய்யலார்தான் மேலேயிருந்து கத்தினார்:
"எங்கூருங்க!"
காவேரியில் ஆறு போய் விழுகிற இடம்.
வாய், முகம் என்று தனியாக எதுவும் வைக்காமல்
மொத்த ஆற்றின் பேரையும்
முடிகிற இடத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.
நுரை வரும், சாயம் வரும்,
சில வருசம் ஒன்றும் வராது.
வாய் மட்டும் திறந்தே கிடக்கும்.
நொய்யலாருக்குப் பழனியப்பன் என்று பேர் இருப்பது
ஈஎஸ்ஐ கார்டு வந்த அன்றைக்குத்தான்
எங்களுக்குத் தெரிந்தது. அவரும்
ஒருதரம் வாசித்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்கும் அந்தக் கட்டம் உண்டு.
குடும்பப்பேர் என்று கேட்கிற பாரத்தை
காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அனுப்பாது.
அப்பன் பேரைப் போட்டு வைத்தேன்.
அதிலிருந்து ஜப்பான் மெயில் எல்லாம்
அன்புள்ள நாச்சிமுத்து என்றுதான் ஆரம்பிக்கும்.
வீட்டில் காட்டினேன்.
"கேசிங்கில ஓட்டை விழுந்தா
என்னயா வையறான்?" என்கிறார் அப்பா,
டிவி சத்தத்தைக் குறைக்காமலே.

புரட்டாசியில் மறுபடி அனுப்பினோம்.
இந்தத் தடவை மூன்று வரியும் முழுசாக.
ரசீது வந்தது.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்து இல்லை,
சிவப்பு மையில் ஒரு சின்ன வட்டம்,
அதற்குள் மூன்று கோடு, ஒரு பெட்டி.

ஆளா, கம்பெனியா, ஊரா,
எது வாங்கியது என்று
மேனேஜர் கேட்டால் சொல்லத் தெரியாது.
பைலில் குத்தி வைத்திருக்கிறேன்.