மேல்வீடு, கீழ்வீடு

ஸ்கேன் தாளில் ஏ என்றும் பி என்றும் போட்டிருந்தது.
நான் வைத்த பெயர் வேறு:
கீழ்வீட்டுக்காரர், மேல்வீட்டுக்காரர்.
இரவு இரண்டு மணிக்கு
மேல்வீடு நாற்காலி இழுக்கும்.
கீழ்வீடு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு
சுவரை ஓங்கி ஒரு இடி.
புகார் கொடுக்க இதற்கொரு நகர மன்றம் இல்லை.

முதல் மருத்துவர் திரையோடு பேசினார்.
இரண்டாமவர் நாட்காட்டியோடு:
பதினெட்டாம் தேதி, காலை எட்டு மணி, சரியா?
ஏர்கான் கழுவ ஆள் வருவதுபோல.
மூன்றாமவரிடம்
கோப்பிக்கடை ரசீதின் பின்புறத்தில்
ஆறு கேள்வி எழுதிக்கொண்டு போனேன்.
முதல் கேள்வியின் பாதியில்
அடுத்தவர் எண் ஒளிர்ந்துவிட்டது.
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி. நெட்ஸா, ரொக்கமா?

எம்ஆர்டியில் காதொலிப்பானைக் கழற்றாமலே
ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுந்து இடம் விட்டான்.
அந்த மூன்று அறைகளிலும்
நாற்காலி இருந்தது.

பிறகு யீஷூனில், ஒரு மருந்தகத்தின் பின்னறையில்
நூர்லைலா.
இருபத்தாறு வருடமாகப் பேறுகாலத் தாதி.
கையைச் சுடுநீரில் காட்டித் துடைத்து
வயிற்றில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார்.
"இங்க தலை. இது... இரு, இரு. முதுகு.
மேல இருக்கிறவரு குறுக்கப் படுத்திருக்காரு."
தேக்காவில் வளர்ந்த தமிழ்.

ரசீதைக் கேட்டு வாங்கினார்.
மூன்றுக்குப் பதில் தெரிந்தது.
இரண்டுக்கு, "டாக்டரைச் சேர்ந்தே கேட்போம், நானும் வரேன்."
கடைசிக் கேள்வியை விரலால் தொட்டபடி
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கத்தி வேண்டாம் என்று வாக்குத் தரவில்லை.
கீழ்வீட்டுக்காரர் தலையைக் கீழே வைத்திருக்கிறார், நல்லது;
அவர் கதவைத் திறந்துகொண்டு போனபின்
மேல்வீடு திரும்பலாம்,
திரும்பாமலும் இருக்கலாம்.
அறுவை அறை பக்கத்தில்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.
"ஆனா எது செஞ்சாலும்
உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வோம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்
நான்கு மாதம் பேருந்து மாறி மாறி அலைந்தேன் என்பது
அது காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வெளியே, இரண்டு குடையோடு திருமாறன்.
"என்ன சொன்னாங்க? நார்மலா, ஆபரேஷனா?"
"தெரியாது" என்றேன்.
சிரித்துக்கொண்டே சொன்னேன் போல,
திரும்பக் கேட்டான்.

இப்போது மணி இரண்டு.
மேலே நாற்காலி நகர்கிறது.
இழு, கண்ணு.
இன்னும் கொஞ்சம்
இடது பக்கமாக.