அதே மாத்திரை

கம்பெனி கேட்டை இழுத்துச் சாத்துன அன்னைக்கு
அட்டையில இருபத்தி மூணு இருந்துச்சு.
காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு.
கணக்கு எனக்கு வரும்;
ஓவர்லாக்ல பீஸ் எண்ணி எண்ணித்தான்
பதினாலு வருசமாச் சம்பளம் வாங்கறேன்.

அனுப்பர்பாளையம் மெடிக்கல்ல
கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு சீட்டை நீட்டினேன்.
கையுறை விரலால திருப்பிப் பாத்த தம்பி
"இது போன ஆகஸ்ட்டுங்க்கா, செல்லாதுங்க"ன்னான்.
வியாதி அதேதான் தம்பி.
"வியாதி அதேதானுங்க,
சீட்டு புதுசா வேணுமுங்க.
சும்மா குடுக்கற மாத்திரை இல்லீங்க இது."
மாஸ்க்குக்கு மேல அவன் கண்ணு
மன்னிப்புக் கேட்டுச்சு.
சித்த அக்கட்ட நில்லுங்கன்னு கையும் சொல்லுச்சு.

பின்னாடி மூணாம் வீட்டு ராமாத்தா.
"என்ன மாத்திரை அம்மணி?"
தைராய்டுன்னேன்.
வெளிய சொல்லிக்க
மரியாதையா ஒரு வியாதி வேணுமே.

டாக்டர் கோயமுத்தூர்ல.
நடுவுல தெக்கலூர் செக்போஸ்ட்.
இ-பாஸுக்குக் காரணம் கேட்டுச்சு செல்போன்:
சாவு, கல்யாணம், மருத்துவ அவசரம்.
இன்னும் வராத வலிப்பு
இதுல எதுல சேரும்?
நிராகரிக்கப்பட்டதுன்னு மூணு தடவை வந்துச்சு,
மூணு தடவையும் நன்றியோட.

ஆஸ்பத்திரி நம்பர்ல பிரமிளான்னு ஒரு பொண்ணு.
"டாக்டர்கிட்டச் சொல்லீர்றனுங்க்கா,
வாட்ஸ்அப்ல போட்டு உடறனுங்க."
மறுநாளும் அதையே சொன்னா.
அதுக்குப் பொறவு எடுக்கலை.
கூப்பிடும்போதெல்லாம்
முதல்ல யாரோ இருமினாங்க,
அப்புறம் கை கழுவச் சொன்னாங்க,
அப்புறந்தான் மணி அடிச்சுது.

ஒம்பது இருக்கையில உடைக்க ஆரம்பிச்சேன்.
உடைக்கக் கூடாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கு.
நூல் வெட்டற ட்ரிம்மரை நடுவுல வெச்சு அமுக்கினா
ஒரு பாதி பெருசு, ஒரு பாதி சிறுசு,
தரையில துளி மாவு.
மாவை விரல்ல ஒத்தி நாக்குல வெச்சுக்குவேன்.
பெருசு ராத்திரிக்கு.
ராத்திரியிலதான் அதுக்கு என் வீடு தெரியும்.

நொய்யல்ல தண்ணி
தண்ணி நெறத்துலயே போகுதுன்னு
சனம் பாலத்துல நின்னு போட்டோ எடுத்துச்சு.
எங்கூட்டுக்காரரும் எடுத்துட்டு வந்து காட்டினாரு.
நல்லாத்தான் இருந்துச்சு.
நான் மனசுக்குள்ள
மூணரைன்னு சொல்லிட்டிருந்தேன்.

அந்த வெசாழக்கிழமை என்ன நடந்துச்சுன்னு
எனக்குத் தெரியாது.
லைன் வீட்டுல எல்லாரும் பாத்தாங்க,
என்னைத் தவிர.
நான் பாத்தது பொறவு கிடந்ததை:
தரையெல்லாம் ரசம்.
நெளிஞ்ச வளையல்.
நாக்கோரத்துல இரும்பு ருசி.
கையில யாரோ திணிச்ச சாவிக்கொத்து.
ஆறடி தள்ளி நில்லுன்னு
நாடே சொல்லிட்டிருந்த வாரத்துல
எட்டுக் குடும்பம் என்மேல குனிஞ்சிருந்துச்சு.

ராமாத்தா
இதுதான் உன் தைராய்டான்னு கேக்கலை.
எல்லாரையும் வெளிய முடுக்கிட்டு
சேலை ஈரத்தை அவளே தொடச்சா.
அதுக்கப்புறம் என் மூஞ்சியைப் பாக்காம
ரசத்தையும்.

சனிக்கிழமை மத்தியானம் போன் டிங்குன்னுச்சு.
சீட்டு.
கோணல் கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி.
கீழ பிரமிளா:
"சாரிங்க்கா, நெட்டு தீந்து போச்சுங்க,
ரீசார்ஜ் கடை இன்னைக்குத்தான் தொறந்தாங்க."

தேதியைப் பெருசாக்கிப் பாத்தேன்.
நான் முதமுதல்ல கூப்பிட்ட அதே நாள்.
மனுசன் அன்னைக்கே எழுதியிருக்காரு.
மாத்திரை பேரு, அதுக்குக் கீழ
ஒத்தை வார்த்தை:
தொடரவும்.

மெடிக்கல் தம்பி ரெண்டு மாசத்துக்குக் குடுத்தான்.
எதுக்குன்னு வரிசையில யாரும் கேக்கலை.
வலிப்புக்குன்னு நானே சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாவே.
பில்லுக்குக் குனிஞ்சவன் நிமிரலை.

நூத்தி இருபது.
வீட்டுக்கு வந்து எண்ணினேன்,
சரியா இருந்துச்சு.
மறுபடி எண்ணினேன்.