கரையாதது

சேலத்தில் கடல் கிடையாது.
அஸ்தம்பட்டியில் மாடி வாடகை அறையில்
மின்விசிறிக்குக் கீழே நான் ஒன்று வைத்திருக்கிறேன்.
இருபது கிலோமீட்டர் அகலம்.
காற்று, நீர், சேறு, மீன் என்று நாலு பெட்டி.
அலை இல்லை.
அலைகளையெல்லாம் கூட்டிச் சராசரி ஆக்கிவிட்டேன்.

பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி, அம்புக்கு ஓர் எண்.
வந்ததில் போனது போக இருப்பது எவ்வளவு?
மளிகைக் கடைக் கணக்குதான்,
இந்தச் சரக்கு மட்டும் கெட்டுப்போகாது.

எழுபத்தெட்டில் மலைமேல் எவ்வளவு தூவினார்கள்
என்று தெரியாமல் கடல் ஓடாது.
தொடக்க மதிப்பு கேட்டுத்
திரை இமைத்துக்கொண்டே இருந்தது.
இருபது கொண்டை ஊசி ஏறி
நாகலூர் தாண்டி ஓர் எஸ்டேட் ஆபீசில்
கணக்குப்பிள்ளை இஞ்ஞாசியைப் பிடித்தேன்.
பேரேட்டின்மேல் பூனை படுத்திருந்தது.
அதை எழுப்பாமல் உருவி எடுத்தார்.

மருந்து, 40 மூட்டை.
மருந்து, 35.
மருந்து, 52. பாக்கி 3.

என்ன மருந்து?
"வெள்ளையா இருக்கும். பூசணம் புடிச்ச வாடை.
தண்டுத் துளைப்பானுக்கு அடிப்பாங்க."
யாருக்கு நோய், யார் குடித்தது
என்பதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.
அந்த பாக்கி மூணு?
"ஆடிட்டரும் அதான் கேட்டார்"
என்று மூடிவைத்தார்.
பூனை திரும்பி வந்து படுத்தது.

நீரில் கரையாது அது.
பஸ் படிக்கட்டில் தொங்குகிறவன்போல
மண் துகளை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு
திருமணிமுத்தாற்றில் இறங்கியிருக்கிறது;
சாயத்தோடு, ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரோடு,
ஊர்ச் சாக்கடையோடு நெருக்கியடித்து,
காவிரியில் ஏறி,
கதவணைக்குக் கதவணை படுத்துக் கிடந்து,
வெள்ளம் வந்தால் எழுந்து,
ஒருவழியாகக் கரை சேர்ந்துவிட்டது.
பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தால்
என் அத்தைகள் சொல்கிற அதே சொல்.

தரங்கம்பாடியிலிருந்து தேசிங்கு
தெர்மாகோல் பெட்டியில் மடவை அனுப்புவார்,
மயிலாடுதுறையில் பஸ் மாற்றி.
ஐஸ் உருகிச் சீட்டடியில் ஓடி
கண்டக்டர் திட்டித் தீர்த்த பிறகு
பெட்டி என் கைக்கு வரும்.

ஆக என்னிடம் இரண்டு மாதிரி:
திரையில் ஓடுவது ஒன்று, குப்பியில் கிடப்பது ஒன்று.
இரண்டும் ஒரே மாதிரி இல்லை.
திரை சொன்னது கிராமுக்கு ஆறு நானோகிராம்.
ஈரல் சொன்னது பத்தொன்பது.
"மீனு பொய் சொல்லாதும்மா" என்றார் தேசிங்கு போனில்.
"விக்கிறவன் சொல்லுவான்."

மூன்று வாரம் அம்புகளைத் திருகினேன்.
காற்றுப் பெட்டியிலிருந்து ஓர் அம்பு
எங்கும் போய்ச் சேராமல் நின்றது.
முதல் வருடம் நானே வரைந்தது.
அதன் முனையில் என் கையெழுத்தில்:
வெளியே.

வெயிலில் கடல் கொஞ்சம் கொஞ்சமாய் மூச்சாக விடுகிறது.
குளிர்ந்த இடம் கிடைக்கும்வரை அது பறக்கும்.
மார்கழியில் மேலே போய்
சில்வர் ஓக் பட்டையில் ஒட்டிய பாசியைச்
சுரண்டிக்கொண்டு வந்தேன்.
இருந்தது.
மருந்தடித்து நாற்பது வருடம் ஆன சரிவில்,
பத்து வயதுகூட ஆகாத மரத்தில்,
மூடுபனி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

'வெளியே'யை அழித்தேன்.
அம்பை வளைத்து ஏற்காட்டில் குத்தினேன்.
இரவு முழுக்க ஓடி
ஆறு ஒன்பதானது.
பத்தொன்பது ஆகவில்லை.

மிச்சம் பத்துக்கு 'விளக்கப்படாத எச்சம்'
என்று எழுதச் சொல்கிறது துறை.
நான் பாக்கி என்று எழுதி
வழிகாட்டி அடித்துவிடுவார் என்று தெரிந்தே
அப்படியே விட்டேன்.
மூன்று மூட்டைக்கு எத்தனை கிலோ
என்று இஞ்ஞாசிக்கு இன்னொரு தடவை போன் பண்ண வேண்டும்.

ஏழரைக்குக் கரண்ட் போனது. கடல் நின்றது.
ஜன்னலில் மலை.
வளைவுகளில் ஏறும் வண்டிகளின் விளக்கு
பதினான்காவது ஊசிவரை தெரிந்தது,
அதற்குமேல் பனி.