கடைக்கண்

என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால்
கெஸ்டர் என் காதுக்கு அப்பால் பார்க்க வேண்டும்.
பதினாறு வயதில் அவன் பார்வையின் நடுவே
ஒரு நாணயமளவு கரைந்துபோயிற்று.
கடைக்கண் மற்றவர்களுக்கு வெட்கமோ களவோ.
அவனுக்கு அதுதான் கண்.

"பேசும்போது என்னைப் பார்" என்றார்
முதல் வாரமே, சமையல் ஆசிரியர் த்ரெல்கெல்ட்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தான்,
அவர் தோளுக்கு மேல் தொங்கிய கரண்டிகள் பக்கம் திரும்பி.
விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தேன்.
மேசைக்கடியில் அவன் பூட்ஸ் என் காலைத் தட்டியது.
அடுத்த வியாழன் அவனே சொன்னான்.
ஆசிரியர் முகம் சிவந்தது. பிறகு ஒரு மாதம்
காது கேளாதவனிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்.

கிரிம்ஸ்பி. மீன்வாடை ஏறிய வடகடல் காற்று.
கல்லூரியின் இரண்டாம் மாடியில்
நகல் இயந்திரத்துக்கும் தீயணைப்பானுக்கும் நடுவே என் நாற்காலி.
எழுத்தைப் பெரிதாக்குவது என் உத்தியோகம்.
பன்னிரண்டை இருபத்துநாலாக்கி, வெள்ளைத் தாளை மஞ்சளாக்கி,
கோழி அறுக்கும் படத்தைச் சொல்லாக்கி:
தொடைக்கும் உடலுக்கும் இடையே ஒரு மடிப்பு,
கத்தி அங்கே போகும்.
வாரம் பதினைந்து மணி. மணிக்கூலி.

பழுப்புப் பலகையில் வெங்காயம் அவனுக்குத் தெரியும்.
நீலப் பலகையில் மீன் பளிச்சென்று.
மாவுக்கு வெள்ளைப் பலகை என்பது சுகாதார விதி.
வெள்ளைமேல் வெள்ளை.
தேய்த்த மாவு எங்கே முடிகிறது,
பலகை எங்கே தொடங்குகிறது?
கறுப்பு விரிப்பு ஒன்று கேட்டு விண்ணப்பித்தேன்.
மூன்று கையெழுத்து வேண்டும்.
"நிஜமாகவே தெரியாதா?" என்றாள் அலுவலகத்து ப்ருனெல்லா,
"நேற்று கேன்டீனில் போன் பார்த்துக்கொண்டிருந்தானே!"
மூக்கு நுனியில் வைத்து, எழுத்து எழுத்தாக.
அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

விரிப்பு வரும்வரை நானே செய்தேன்.
மாவின் ஓரத்தை நான் வெட்டினேன்.
அளவுக்கோப்பையில் பாலின் கோட்டை நான் பார்த்தேன்.
அவன் கை நீளுமுன் உப்பை நகர்த்தி வைத்தேன்.
அந்த வாரங்களில் எனக்கு நல்ல தூக்கம்.

நவம்பரில் ஒருநாள் சொன்னான், கோபமில்லாமல்,
என் காதுக்கு அப்பால் பார்த்து:
"மிஸஸ் பெல்வுட், இந்த டார்ட்டுக்கு மார்க் யாருக்கு?
கதவோரம் போய் உட்காருங்க.
கூப்பிட்டா வாங்க.
கூப்பிடலன்னா, எரிஞ்சாலும் வராதீங்க."

உட்கார்ந்தேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தேன்.
தட்டின் விளிம்பை அவன் விரல் சுற்றி வந்தது.
மாவு கிழிந்தது. ஒட்டினான்.
ஒட்டிய இடம் மறுபடி கிழிந்தது.
இரண்டாவது தட்டு கருகும் நாற்றம்
எனக்கு வந்தது, அவனுக்கும் வந்திருக்கும்.
நான் எழவில்லை.
என் வாழ்க்கையில் செய்த கடினமான வேலை அது.
அதற்கும் அதே மணிக்கூலி.

சனவரியில் விரிப்பு வந்தது, தப்பான அளவில்.
அவனே கத்தரியால் நறுக்கிக்கொண்டான், கோணலாக.

மார்ச்சில் மறுஆய்வுப் படிவம்.
வாரத்துக்கு எத்தனை மணி உதவி தேவை?
"ஆறு" என்றான்.
எழுதுகிறவள் நான். பேனா நின்றது.
என் வீட்டு வாடகையும் கொதிகலன் தவணையும்
அந்த ஒன்பது மணிக்குள் இருந்தன.
"உங்க சம்பளம் குறையுமா?"
"குறையும்."
அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தான்.
"சரி, ஏழு போடுங்க.
செவ்வாய்க்கிழமை பஃப் பேஸ்ட்ரி.
அது நிஜமாவே கஷ்டம்."

ஏழு என்று எழுதினேன், தடித்த மையில், பெரிதாக.
தாளை வாங்கிக்கொண்டான். தலையைச் சாய்த்து
சன்னலை வேடிக்கை பார்ப்பவன்போல்
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான்.
"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றான்.