மூன்று விரல்

வாசல்படியின் நடுவில் ஒரு ஆணி.
அதில் கட்டிய நைலான் கயிறு
கிழக்கே நூற்றிநாற்பது அடி.
கயிற்றுக்கு இடப்பக்கம் என்ன உண்டோ
வலப்பக்கமும் அது வேண்டும் என்றார் எட்வின் ஞானதாஸ்,
இருபது வருஷம் லியோனில் பாலம் கட்டியவர்.

குலசேகரத்தில் சமதளத்துக்கு எங்கே போக?
ரப்பர் விளையை மூன்று தட்டாய் வெட்டினோம்.

படம் காட்டினார்.
இத்தாலிக்காரன் சரிவில் படிபடியாய் வைத்த தோட்டத்தைப்
பிரெஞ்சுக்காரன் கொண்டுபோய்ச்
சதுப்பை வடித்துத் தரையில் விரித்தானாம்.
சன்னலில் நிற்கும் ராஜாவின் கண்
எதுவரை போகுமோ
அதுவரை மரமெல்லாம் வரிசையில்.
"ரப்பரும் அப்படித்தானே சார் நிற்குது
ஸ்கூல் அசெம்பிளி மாதிரி" என்றேன்.
சிரிக்கவில்லை.

அங்கே வேலிச்செடி வருஷத்துக்கு ரெண்டு விரல் வளருமாம்.
நம்ம டுரான்டா
இடவப்பாதியில் எட்டே நாளில் முழங்காலைத் தாண்டும்.
கத்திரியோடு லில்லிபாயும் நானும்
சுருள் சுருளாய் வெட்டுவோம், சேலைக்கரை எம்பிராய்டரி போல.
மொட்டைமாடியில் நிற்பவருக்குத்தான் அது சுருள்.
வெட்டுகிற எங்களுக்குப் பச்சை, எறும்பு.

கடைசிக் குளத்தை நீளமாய்த் தோண்டச் சொன்னார்.
வாசலில் நின்று பார்த்தால்
சதுரமாய்த் தெரியும்.
தவளைக்கு மட்டும் உண்மை தெரியும்.

ராஜா தோட்டத்திலும் வெள்ளம் போதாதாம்.
அவர் நடக்க நடக்க விசிலடித்து
முன்னால் ஒரு ஊற்றைத் திறந்து
பின்னால் ஒன்றை அடைப்பார்களாம்.
கேட்டதும் எனக்கு நிம்மதி.
ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி கார் வளைவில் திரும்ப
லில்லிபாய் விசிலடிப்பாள்,
நான் மோட்டாரைப் போடுவேன்,
கரண்டு இருந்தால்.

அயனி மரம்தான் பிரச்சினை.
கயிறு முடியும் இடத்தில்
நடுவை விட்டு ஒன்றரை முழம் தள்ளி நின்றது,
நாலு பேர் கட்டிப்பிடித்தாலும் அடங்காத தடி.
வெட்டிரு என்று சொல்லிவிட்டு
திருவனந்தபுரம் போனார்.

பத்தாவது அடியில் ஒரு முளை உண்டு.
அதைப் பிடுங்கி
மூன்று விரல் தள்ளி அடித்தேன்.
பத்தாம் அடியில் மூன்று விரல்
நூற்றிநாற்பதில் ஒன்றரை முழம்.
கணக்கு அவர் சொல்லித் தந்ததுதான்.

திரும்பி வந்தவர் வாசலில் நின்று
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
"நடுவில்தானே நிற்குது?"
"ஆமா சார்."

நாலு வருஷமாச்சு.
சித்திரையில் அயனிச்சக்கை பழுத்து
அணில் கடித்தது பாதி, கிளி கொத்தியது பாதி
இடப்பக்கமே விழுகிறது.
பெருக்கிவிட்டு
வலப்பக்கமும் நாலைத் தூக்கிப் போடுகிறாள்
லில்லிபாய்.