மருந்து விடாத தட்டு

காலையில் விளக்கு எரிந்ததும் வரிமீன்கள் முட்டையிடும்.
அவற்றுக்கு அதுதான் விடியல்.
புவன விஸ்தாவில் இறங்கி, மாடி ஏறி,
சல்லடையோடு காத்திருப்பவள் நான்.

முட்டைக்குள் எல்லாம் தெரியும்.
முதல் நாள் முடிவதற்குள் தலைக்கு இருபுறமும்
இரண்டு கிண்ணங்கள் குழியும்,
அவற்றில் மெல்ல மை இறங்கும்.
கருவிழி என்கிறோமே,
அந்தச் சொல்லைச் செய்தவர்
எதையோ கிட்டத்தில் பார்த்திருக்கிறார்.

பத்துத் தட்டுகளில் மருந்து:
சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் கசியவிடுகிற சாதி,
துளியின் துளியின் துளி.
பதினொன்றில் வெறும் நீர்.
எதுவும் நேராத கண் எப்படி இருக்கும் என்று
அது சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் தேர்வு.
குஞ்சைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சுழலும்.
கண் ஒரு பட்டையைத் துரத்தும், தவறவிடும், திரும்பும்,
அடுத்ததைத் துரத்தும்.

மருந்துத் தட்டுகளில் கண்கள் பாதியில் கைவிட்டன.
எதிர்பார்த்ததுதான். ஹுய் லிங் குறித்துக்கொண்டாள்.
பதினொன்றும் கைவிட்டது.

நீரை மாற்றினோம். மீனை மாற்றினோம்.
என்னையே மாற்றிப் பார்த்தார்கள்,
டாக்டர் நோரைனி தன் கையால் துளி விட்டார்.
பதினொன்று கைவிட்டது.

ஒரு மத்தியானம் வெளிப் படிக்கட்டில் நிற்கிறேன்.
பொட்டலத் தே, பையின் வாயில் ரப்பர் வளையம், உறிஞ்சுகுழல்.
சூட்டில் குழைந்த பையில்
என் விரல் அச்சு மறைய மாட்டேன் என்கிறது.
அப்போதுதான் கேட்டேன்,
வெறும் நீர் எதில் இருக்கிறது?

தட்டு பிளாஸ்டிக். துளிக்குழாய் பிளாஸ்டிக்.
நீரை வடிக்கிற இயந்திரத்தின் குடல்,
என் கையுறை.
செய்தியில் நெகிழி என்று வாசிக்கிறார்கள்.
பொருத்தமான பெயர்.
யாரும் பார்க்காதபோது
எதையாவது நெகிழவிட்டபடியே இருக்கிறது.

கிடங்கில் பழைய கண்ணாடித் தட்டுகள் கிடைத்தன,
விளிம்பு உடைந்தவை. கழுவும்போது கட்டைவிரலை அறுத்தன.
அவற்றில் வளர்த்தோம்.
பதினொன்று துரத்தியது,
தவறவிட்டது, திரும்பியது.

ஹுய் லிங் கத்திவிட்டாள்.
நோரைனி மட்டும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பதினாறு வருஷக் குறிப்பேடுகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு வெறும் நீர்.

ஏழு மணி ரயில்.
எதிரே வந்து நின்றவளின் மார்பில், இடம் கேட்கும் வில்லை.
விரலில் தொங்கும் பையில் சூடான சோயாப்பால்.
ரயிலில் குடிக்கக் கூடாதென்று முடிச்சுப் போட்டிருக்கிறாள்,
முடிச்சுக்குக் கீழே வியர்க்கிறது.

எழுந்து இடம் கொடுத்தேன்.
என்னிடம் இருந்தது அதுதான்.
இந்தத் தீவில் பதினொன்றாம் தட்டு
எந்த வீட்டில் இருக்கிறது, எனக்குத் தெரியாது.

ரயில் பாலத்துக்கு ஏறியது.
ஜன்னலில் கம்பங்கள் ஓடத் தொடங்கின.
அவள் கண் ஒன்றைத் துரத்துகிறது, தவறவிடுகிறது,
திரும்புகிறது.